கேமிங் ஹெட்செட் தேர்ந்தெடுக்கும் முறை

கேமிங் ஹெட்செட் என்பது கணினி, கன்சோல், கைப்பேசி ஆகியவற்றில் விளையாடுவோர் ஒலியைக் கேட்கவும் உடன் விளையாடுவோருடன் பேசவும் தலையில் அணியும் கருவி ஆகும். இரு காதுகளுக்கும் ஒவ்வொரு சிறு ஒலிபெருக்கியும், வாய்க்கு அருகில் வரும் ஓர் ஒலிவாங்கியும் (மைக்) இதில் இருக்கும். ஒலிவாங்கி இல்லாதது ஹெட்போன் எனப்படும். சந்தையில் இதன் வகைகள் ஏராளம். விலையையும் வண்ண விளக்குகளையும் விட ஒலித்தரம், அணியும் வசதி, கருவியுடன் இணக்கம் ஆகிய மூன்றையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. நீண்ட நேரம் காதை ஒட்டி ஒலிக்கும் கருவி என்பதால் செவிப் பாதுகாப்பையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒலித்தரம்

ஹெட்செட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் டிரைவர் எனப்படும் ஒலியாக்கும் பகுதி உள்ளது. காந்தம், கம்பிச்சுருள், மெல்லிய சவ்வு ஆகியவை சேர்ந்தது இது. சுருளில் மின்சாரம் பாயும்போது சவ்வு அதிர்ந்து ஒலி பிறக்கிறது. கேமிங் ஹெட்செட்டுகளில் 40 அல்லது 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரைவர்கள் பெரும்பாலும் பயன்படுகின்றன. விட்டம் பெரிதாக இருந்தால் தரமும் கூடும் என்று சொல்ல முடியாது. சவ்வின் பொருள், காதைச் சூழ்ந்த கூட்டின் அமைப்பு, காதுத்திண்டு பொருந்தும் விதம் ஆகியவையும் ஒலியைத் தீர்மானிக்கின்றன.

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை குறையும். ஆகவே பெட்டியில் 40,000 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் பயன் இல்லை. கேட்கக்கூடிய எல்லைக்குள் ஒலிகள் சமநிலையில் வருகின்றனவா என்பதே முக்கியம். வெடிச்சத்தம் அதிர்வுடன் கேட்க வேண்டும் என்பதற்காகத் தாழ்ந்த ஒலிகளை மிகுதியாக உயர்த்தினால், காலடி ஓசை, துப்பாக்கியில் குண்டு நிரப்பும் ஓசை போன்ற நுட்பமான ஒலிகள் அதில் அமுங்கிப் போகும்.

மின்மறுப்பு ஓம் என்ற அலகில் குறிக்கப்படுகிறது. 16 முதல் 64 ஓம் வரை உள்ளவை கைப்பேசி, கன்சோல் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றிலேயே பெரும்பாலும் போதிய ஒலி தரும். 250 ஓம் போன்ற உயர்ந்த அளவுள்ளவற்றுக்குத் தனி ஒலிப்பெருக்கிச் சாதனம் தேவைப்படலாம்.

திறந்த வகையும் மூடிய வகையும்

மூடிய வகையில் கூட்டின் வெளிப்புறம் அடைக்கப்பட்டிருக்கும். வெளிச்சத்தம் குறைவாகவே உள்ளே வரும். உள்ளே கேட்கும் ஒலியும் பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யாது. திறந்த வகையில் வெளிப்புறம் வலை போன்று இருக்கும். ஒலி விரிந்து கேட்கும், காது அதிகம் வியர்க்காது. ஆனால் மின்விசிறிச் சத்தமும் தெருச் சத்தமும் உள்ளே வந்துவிடும். பலர் இருக்கும் வீட்டுக்கு மூடிய வகையும், அமைதியான தனி அறைக்குத் திறந்த வகையும் பொருந்தும்.

திசையை உணர்தல்

வலப்புறத்தில் எழும் ஒலி வலக்காதைச் சற்று முன்பாகவும் சற்று உரக்கவும் அடைகிறது. இரு காதுகளுக்கும் இடையிலான நேர வேறுபாடு அதிகபட்சம் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவே. எனினும் மூளை அதைக் கொண்டு திசையைக் கணித்துவிடுகிறது. முன், பின், மேல், கீழ் என்ற வேறுபாட்டைக் காதுமடலின் மடிப்புகள் ஒலியில் உண்டாக்கும் மாற்றங்கள் உணர்த்துகின்றன.

'7.1 சுற்றொலி' என்று விற்கப்படும் ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவற்றில் காதுக்கு ஒரு டிரைவரே உண்டு. மேற்கூறிய வேறுபாடுகளை மென்பொருள் கணக்கிட்டுச் செயற்கையாகச் சேர்க்கிறது. இதற்குத் தரமான சாதாரண ஸ்டீரியோ ஹெட்செட்டே போதும். 2020-ல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 கன்சோல் தன் முப்பரிமாண ஒலியைச் சாதாரண ஸ்டீரியோ ஹெட்போன்களிலேயே தருகிறது. விளையாட்டிலும் ஹெட்செட் மென்பொருளிலும் ஒரே நேரத்தில் இவ்வசதியை இயக்கினால் ஒலி குழம்பித் திசை தவறும். ஏதேனும் ஒன்றை மட்டுமே இயக்க வேண்டும்.

ஒலிவாங்கி

முன்னிருந்து வரும் ஒலியை மட்டும் அதிகம் ஏற்கும் ஒருதிசை ஒலிவாங்கி வீட்டுச் சத்தத்தைக் குறைத்துக் காட்டும். வளைக்கக்கூடிய தண்டு இருந்தால் வாயின் நேர் எதிரே வைக்காமல் உதட்டோரமாக நிறுத்தலாம். மூச்சுக்காற்று மோதும் ஓசை பதிவாகாது. பேசுபவருக்கே தம் குரல் சிறிதளவு கேட்கும் வசதி சில ஹெட்செட்டுகளில் உண்டு. காது மூடியிருப்பதால் தம்மை அறியாமல் கத்திப் பேசும் பழக்கத்தை இது குறைக்கும்.

அணியும் வசதி

கடையில் ஐந்து நிமிடம் அணிந்து பார்க்கும்போது சுகமாக இருப்பது, இரண்டு மணி நேரத்தில் வலி தரலாம். கவனிக்க வேண்டியவை:

- எடை: 250 முதல் 350 கிராம் வரை பொதுவாகக் காணப்படும். எடை குறைந்தால் கழுத்துக்கு நல்லது. தலைப்பட்டை எடையைப் பரவலாகத் தாங்குவதும் அதே அளவு முக்கியம்.
- அழுத்தம்: இறுக்கம் மிகுந்தால் தாடையும் பொட்டும் வலிக்கும், மிகக் குறைந்தால் நழுவும்.
- காதுத்திண்டு: காதுமடல் முழுவதும் உள்ளே அடங்க வேண்டும். செயற்கைத் தோல் திண்டு வெளிச்சத்தத்தை நன்கு தடுக்கும், ஆனால் வெப்பமான ஊர்களில் வியர்க்கும், நாளடைவில் உரியும். துணித்திண்டு குளிர்ச்சியானது, சத்தத்தைச் சற்றுக் குறைவாகவே தடுக்கும்.
- மூக்குக்கண்ணாடி: கண்ணாடித் தண்டு திண்டுக்கும் தலைக்கும் இடையே இடைவெளி உண்டாக்குவதால் தாழ்ந்த ஒலிகள் குறைந்து கேட்கும். கண்ணாடி அணிபவர் மென்மையான திண்டுள்ளதைக் கண்ணாடியுடனேயே அணிந்து பார்க்க வேண்டும்.
- மாற்றுப் பாகங்கள்: திண்டு, கம்பி, ஒலிவாங்கி ஆகியவற்றைத் தனியே மாற்ற முடிந்தால் ஹெட்செட் நீண்ட நாள் உழைக்கும்.

இணக்கம்

3.5 மில்லிமீட்டர் செருகி மிகப் பரவலானது. ஹெட்செட் செருகியில் நான்கு தொடுபகுதிகள் இருக்கும்: இடது, வலது, பொது இணைப்பு, ஒலிவாங்கி. கணினியில் ஒலிக்கும் ஒலிவாங்கிக்கும் தனித்தனித் துளைகள் இருந்தால் ஒரு பிரிப்பான் கம்பி வேண்டும். அது இல்லாவிடில் ஒலி கேட்கும், குரல் போகாது. ஹெட்செட் பழுது என்று பலர் கருதுவது பல வேளைகளில் இதுவே.

யூஎஸ்பி ஹெட்செட்டில் ஒலியாக்கும் மின்சுற்று உள்ளேயே இருப்பதால் கணினியின் ஒலி அட்டை தரம் குறைந்திருந்தாலும் பாதிப்பில்லை. ஆனால் எல்லாக் கன்சோல்களும் எல்லா யூஎஸ்பி ஹெட்செட்டுகளையும் ஏற்பதில்லை.

கம்பியில்லா வகையில் இரண்டு உண்டு. தனி யூஎஸ்பி அலைவாங்கியுடன் வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையில் தாமதம் மிகக் குறைவு. வழக்கமான ப்ளூடூத்தில் தாமதம் பல நேரங்களில் பத்தில் ஒரு விநாடியைத் தாண்டும். விநாடிக்கு 60 படங்கள் ஓடும் விளையாட்டில் அது ஆறு படங்கள் பின்தங்குவதற்குச் சமம். மேலும் வழக்கமான ப்ளூடூத்தில் ஒலிவாங்கியை இயக்கியதும் இணைப்பு தொலைபேசி முறைக்கு மாறி, விளையாட்டின் ஒலியும் தரம் குறைந்து ஒற்றை ஒலியாகிவிடும்.

கன்சோல்களில், பிளேஸ்டேஷன் 5 ப்ளூடூத் ஹெட்செட்டை நேரடியாக ஏற்பதில்லை. எக்ஸ்பாக்ஸ் தனக்கே உரிய கம்பியில்லா முறையைக் கொண்டது. நின்டெண்டோ சுவிட்ச் 2021 முதல் ப்ளூடூத் வழியே ஒலி தருகிறது. ப்ளூடூத் ஒலிவாங்கியை ஏற்பதில்லை. எனவே பெட்டியில் தம் கன்சோலின் பெயர் குறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

செவிப் பாதுகாப்பு

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் பாதுகாப்பான கேட்டலுக்கு அளவு வகுத்துள்ளன. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். சிறுவர்களுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல். ஒலி 3 டெசிபல் கூடும்போது ஒலி ஆற்றல் இரு மடங்காவதால் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. 83 டெசிபலில் 20 மணி, 86-ல் 10 மணி, 89-ல் 5 மணி என்று அது விரைவாகச் சுருங்கும்.

உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதரில் மீண்டும் வளர்வதில்லை. விளையாடி முடித்தபின் காதில் இரைச்சல் கேட்டாலோ, பிறர் பேச்சு மந்தமாகக் கேட்டாலோ, ஒலி அளவு மிகுந்தது என்பதற்கு அது அறிகுறி. தொடர்ந்து அப்படி இருந்தால் காது மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தத்தை நன்கு தடுக்கும் ஹெட்செட்டில் குறைந்த ஒலியிலேயே தெளிவாகக் கேட்க முடியும். சிறுவர்களுக்கு வாங்கும்போது உச்ச ஒலியைக் கட்டுப்படுத்தும் வசதி உள்ளதைத் தேர்ந்தெடுத்து, இடையிடையே காதுக்கு ஓய்வு கொடுக்கவும் பழக்க வேண்டும்.