ஆதிரையின் இரண்டு தாளங்கள்

"திருவாதிரை வெடிக்கப் போகுதாமே, நம்ம ஆயுசுக்குள்ள பார்த்துடலாமா?" என்றுதான் கேட்கிறார்கள், நட்சத்திரப் பேச்சு வந்தாலே. பதில் ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்காக நூறாண்டுக்கும் மேலான கணக்கு தேவைப்பட்டிருக்கிறது. உட்காருங்கள், தேநீர் குடித்துக்கொண்டே பேசலாம்.

மார்கழி இரவில் கிழக்கே ஓரியன் விண்மீன் கூட்டம் எழும்போது, அதன் தோளில் செம்மஞ்சளாக நிற்கிறதே, அதுதான் ஆதிரை. வானியலாளர்களுக்குப் பெடல்ஜூஸ். சூரியனைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேற்பட்ட எடையோடு பிறந்தது. அத்தனை எடையுள்ள விண்மீன் எரிபொருளை ஊதாரித்தனமாகச் செலவழிக்கும். அதனால் ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுக்குள்ளேயே முதுமை வந்துவிட்டது, உடல் ஊதிவிட்டது. அதைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் பூமியையும் செவ்வாயையும் விழுங்கிவிட்டுத்தான் நிற்கும்.

அதன் வெளிச்சம் ஒரே சீராக இல்லை என்பதை 1836-இல் ஜான் ஹெர்ஷல் கவனித்தார். அப்போது அவர் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இருந்தார். அதன்பின் கணக்கு வைத்ததில் பெரும்பங்கு சாதாரண ஆர்வலர்களுடையது. 1911-இல் அமெரிக்காவில் மாறு விண்மீன்களைக் கவனிப்போருக்கென ஒரு சங்கம் தொடங்கியது. உலகெங்கும் உள்ள அதன் உறுப்பினர்கள் இரவு தோறும் பார்த்ததை எழுதி அனுப்பினார்கள். முறை எளியது. வெளிச்சம் மாறாத, அல்லது அதிகம் மாறாத பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு, இதைவிடப் பிரகாசம், அதைவிட மங்கல் என்று குறிக்க வேண்டும். ஆதிரைக்கு ரோகிணியும் புனர்பூசத்தின் பாலக்ஸும் நல்ல அளவுகோல்கள். இவ்வளவு வெளிச்சமான விண்மீனைப் பெரிய தொலைநோக்கியின் கருவி தாங்காது, கண்கூசிப் போகும். வெறுங்கண்ணுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அறிவியலில் இப்படிச் சாமானியர்களின் பொறுமை மட்டுமே செய்யக்கூடிய வேலை இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அந்தக் குறிப்புகளை வரிசையாக அடுக்கினால் இரண்டு தாளங்கள் தெரிகின்றன. ஒன்று ஏறத்தாழ 400 நாள். மற்றொன்று ஏறத்தாழ 2,100 நாள், அதாவது ஆறு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. இவற்றின் மேலே ஒழுங்கே இல்லாத ஒரு கொந்தளிப்பும் உண்டு. அடுப்பில் கொதிக்கும் தேநீரில் கீழிருந்து சூடானது மேலே வந்து, ஆறிக் கீழே இறங்குகிறதே, அதே வேலை அங்கே பிரம்மாண்டமான குமிழ்களாக நடக்கிறது.

2019 கடைசியில் வெளிச்சம் சரிந்தது இந்தக் கொந்தளிப்பால்தான். 2020 பிப்ரவரியில் வழக்கமான வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். உலகமே வெடிப்பை எதிர்பார்த்தது. சிலியில் உள்ள ஐரோப்பியத் தொலைநோக்கி எடுத்த படங்களில் விண்மீனின் தெற்குப் பாதி மட்டும் இருண்டிருந்தது. ஹபிள் தொலைநோக்கியின் அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது: விண்மீன் தன் மேற்பரப்பிலிருந்து ஒரு பெருங்கவளத்தைத் துப்பியிருக்கிறது, அது குளிர்ந்து தூசியாகி, நமக்கும் அதற்கும் நடுவே திரையாக நின்றிருக்கிறது. சில மாதங்களில் திரை விலகியது.

ஆனால் வெடிக்குமா என்ற கேள்விக்கான விடை இந்தச் சரிவில் இல்லை. ஆறாண்டுத் தாளத்தில் இருக்கிறது.

2023-இல் ஒரு குழு, அந்த நீண்ட தாளமே விண்மீனின் அடிப்படைத் துடிப்பு என்று வாதிட்டது. மணி பெரிதானால் நாதம் தாழ்வது போல, உடல் பெரிதானால் துடிப்பு மெதுவாகும். 2,100 நாளுக்கு ஒருமுறை துடிக்க வேண்டுமானால் ஆதிரை நாம் நினைத்ததைவிட மிகப் பெரிதாக, முடிவுக்கு மிக நெருக்கத்தில், சில பத்தாண்டுகளில் வெடிக்கும் நிலையில்கூட இருக்க வேண்டும். 400 நாள்தான் அடிப்படைத் துடிப்பு என்றால் கதையே வேறு: உடல் சிறிது, வெடிப்புக்கு இன்னும் ஒரு லட்சம் ஆண்டு போல இருக்கிறது. அப்படியானால் அந்த ஆறாண்டுத் தாளத்தைப் போடுவது யார்?

துணை விண்மீன் என்று 2024-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே சொன்னன. லாரி நம்மைக் கடந்து போகும்போது ஹாரனின் சுருதி இறங்குகிறதல்லவா? அதுபோல, விண்மீன் நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்பதை அதன் நிறமாலைக் கோடுகள் காட்டிக்கொடுக்கும். நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்த அந்த வேகக் கணக்கை வெளிச்சக் கணக்கோடு பொருத்திப் பார்த்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், துணை முன்னால் வந்து மறைப்பதால் வெளிச்சம் குறைவதாகக் கணக்கு வரவில்லை. துணை பின்னால் போகும்போதுதான் ஆதிரை மங்குகிறது. விண்மீனைச் சூழ்ந்த தூசியோடு துணைக்கு இருக்கும் உறவே அதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள். சூரியனின் எடையை ஒத்த சிறிய விண்மீன் அது. ஆதிரையின் ஆரத்தைப் போல இரண்டு மடங்கு சொச்சம் தூரத்தில், அதன் மூச்சுக்காற்றுக்குள்ளேயே சுற்றுகிறது.

கணக்குப்படி 2024 டிசம்பரில் அது பக்கவாட்டில் தெரிய வேண்டும். அந்த மாதமே ஹவாயில் உள்ள ஜெமினி நார்த் தொலைநோக்கியால் பார்த்தார்கள். பொலிவெண் என்னும் வெளிச்ச அளவுகோலில் ஆதிரையைவிட ஆறு படி மங்கலாக, சொல்லப்பட்ட இடத்தில் ஒரு புள்ளி. பெயரும் வைத்தாகிவிட்டது: சிவார்ஹா, அரபியில் 'அவளுடைய கைவளை'. பெடல்ஜூஸ் என்ற பெயரே 'கை' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பதால் அது பொருத்தமான பெயர். ஆனால் அந்தப் புள்ளி மிக மெல்லியது. அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத நான் தயாரில்லை. நூறாண்டு வேகக் கணக்கும் சேர்ந்து நிற்பதால்தான் நம்புகிறேன்.

பெருத்த விண்மீன்கள் தனியாக வாழ்வது அரிது. 2012-இல் வந்த ஓர் ஆய்வு, மிகச் சூடான பெருவிண்மீன்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு தம் வாழ்நாளில் துணையோடு பொருள் பரிமாறிக்கொள்ளும் அல்லது ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று கணக்கிட்டது. ஈட்டா கரினே என்னும் தென்வானப் பெருவிண்மீன் ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் மாறுவதை 1990-களில் பிரேசிலின் அகஸ்டோ டமினெலி கண்டுபிடித்தபோதும், அந்தத் தவறாமைதான் துணையைக் காட்டிக்கொடுத்தது. முதிய விண்மீன் தானாகத் தடுமாறும்போது நாள் தள்ளும். சுற்றுப்பாதை நாள் தவறாது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: நம் ஆயுசுக்குள் வெடிப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. சிவார்ஹா இருப்பது உறுதியானால் அது இன்னும் குறையும். மார்கழியில் மாடிக்குப் போனால் ரோகிணியையும் ஆதிரையையும் பாலக்ஸையும் ஒப்பிட்டு, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். துணை மறுபக்கம் தெரிய வேண்டிய காலம் 2027 நவம்பர்.