ரப்பர் செருப்பைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள்! லாரிப் பட்டறை வாலிபரின் கச்சேரிப் பைத்தியம்

நாமக்கல்-

காலை 8 மணிக்கு சுத்தியல் சத்தம் ஆரம்பம். அப்புறம் கிரைண்டர். அப்புறம் தகரம் வெட்டும் சத்தம். சாயங்காலம் 6 மணி வரை ஓயாது. லாரிக்கு 'பாடி' கட்டும் பட்டறை என்றால் சும்மாவா?

நாமக்கல்லில் கட்டிய பாடிக்கு வெளி மாநிலத்திலும் மவுசு. லாரிக்காரர்கள் வெறும் சேஸை ஓட்டிக்கொண்டு இங்கே வந்து, முழு லாரியாக ஓட்டிக்கொண்டு போவார்கள்.

அப்படி ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறார், ராசிபுரம் பக்கத்துக் கிராமத்து வாலிபர் ஒருவர். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வாரம் 6 நாள் இந்தச் சத்தத்தில் கிடப்பவர், லீவு கிடைத்தால் என்ன செய்வார்? வாயை மூடிக்கொண்டு தூங்குவார் என்றுதானே நினைப்பீர்கள்.

அதுதான் இல்லை. இதைவிடப் பெரிய சத்தம் எங்கே கிடைக்கும் என்று பஸ் ஏறிப் போகிறார்!

14 பாட்டு, 29 நிமிடம்

இந்தப் பைத்தியம் பிடித்தது சேலத்தில். பாலிடெக்னிக் படித்தபோது உடன் தங்கியிருந்த பையன் ஒருவன் லாப்-டாப்பில் ஒரு பாட்டைப் போட்டான். பாட்டு ஆரம்பித்தது. என்ன ஏது என்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

"மறுபடி போடுன்னேன். மறுபடியும் அதே கதைதானுங்க. ரெண்டு நிமிஷம். ஆலாபனை கிடையாது, பின்னணி இசைன்னு தனியா கிடையாது. ஓடி வந்து அறைஞ்சிட்டுப் போன மாதிரி இருந்துச்சு" என்கிறார் அவர்.

பாடியவர்கள் 'ரமோன்ஸ்' என்ற அமெரிக்க குழுவினர். நியூயார்க் நகரவாசிகள். 1976-ல் வந்த இவர்களின் முதல் இசைத்தட்டில் மொத்தம் 14 பாட்டு. எல்லாம் சேர்ந்து 29 நிமிடம்தான்! நம் ஊர் வித்வான் ஒருவர் ஒரே ராகத்தை அவ்வளவு நேரம் பாடுவார்.

இந்த வகை இசைக்கு 'பங்க் ராக்' என்று பெயர். கிட்டாரில் மூன்று 'கார்டு' பிடிக்கத் தெரிந்தால் போதும், மேடை ஏறலாம். குரல் இனிமை தேவையில்லை. கிழிந்த சட்டை, முள் மாதிரி நிற்கும் தலைமுடி. வேலை இல்லாத கோபம், பெரிய மனிதர்கள் மேல் எரிச்சல். கேட்க வந்தவர்கள் உட்கார மாட்டார்கள். நின்ற இடத்திலேயே எம்பி எம்பிக் குதிப்பார்கள். ஒருவர் மேல் ஒருவர் மோதுவார்கள். விழுந்தவரைத் தூக்கி விடுவதும் அவர்கள்தான்.

இதெல்லாம் ஒரு சங்கீதமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் 1976 ஜூன் 4-ந் தேதி 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற குழு கச்சேரி செய்தது. வந்தது சொற்பக் கூட்டம். 40 பேர் இருந்தால் அதிகம். ஆனால் அதைக் கேட்டுவிட்டுப் போன பீட்டர் ஹூக் என்ற வாலிபர் மறுநாளே கடைக்குப் போய் கிட்டார் வாங்கினார். அவரும் உடன் வந்த நண்பர் பெர்னார்ட் சம்னரும் சேர்ந்து ஆரம்பித்த குழு பிறகு உலகப் புகழ் பெற்றது. 'இவ்வளவுதானா? இது நம்மாலும் முடியுமே' என்று கேட்பவனுக்குத் தோன்ற வைப்பதுதான் பங்க் இசையின் சூட்சுமம்.

வாசலில் நின்றார்

பாட்டைச் செல்போனில் கேட்டால் போதுமா? நேரில் கேட்க வேண்டும் என்று நம் வாலிபருக்கு ஆசை. சேலத்தில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை என்றால் மெல்லிசைக் கச்சேரிகள் உண்டு. சினிமாப் பாட்டுக்கு அங்கே பஞ்சமில்லை. இவர் கேட்கும் சரக்கு மட்டும் கிடைக்காது.

பெங்களூரில் ஒரு ஓட்டலில் இப்படி ஒரு ராக் கச்சேரி நடப்பதாகத் தெரிந்தது. இரண்டு நாள் கூலியைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். 200 கிலோ மீட்டர் பயணம்.

வாசலில் நின்ற ஆள் மேலும் கீழும் பார்த்தான். காலைக் காட்டினான். ரப்பர் செருப்பு!

"ஷூ போடாம உள்ளே விட மாட்டாங்களாம். கிழிஞ்ச சட்டைக்காரங்க பாடற பாட்டுக்கு ஷூ கேட்கறாங்க, பாருங்க" என்று சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லையாம். வெளியே பிளாட்பாரத்தில் நின்று, கதவு திறந்து மூடும்போதெல்லாம் வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, கடைசி பஸ்சில் ஊர் திரும்பினார்.

கீழ்ப்பாக்கத்தில் கூட்டம்

2018-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, சனிக்கிழமை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் கச்சேரி. 'அட்டகத்தி', 'மெட்ராஸ்', 'கபாலி' படங்களின் டைரக்டர் பா.ரஞ்சித்தும், இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழுவின் முதல் மேடை அது. குழுவின் பெயர் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. சாதியற்றவர்களின் கூட்டு என்று வைத்துக்கொள்ளலாம். 'சாதி பேதமற்ற' என்ற அயோத்திதாசப் பண்டிதரின் பழைய வார்த்தையில் இருந்து பிறந்த பெயர்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சேலம் ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரசைப் பிடித்தார் நம் வாலிபர். முன்பதிவு இல்லாத பெட்டி. கழிவறைப் பக்கம் நின்றுகொண்டே சென்னை போய்ச் சேர்ந்தார். இந்த முறையும் காலில் ரப்பர் செருப்புதான். வேண்டுமென்றே போட்டுக்கொண்டு போனாராம்!

யாரும் காலைப் பார்க்கவில்லை.

மைதானத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம். மேடையில் 19 பேர். கோட்டும் சூட்டுமாக வந்து நின்றார்கள். ஒரு பக்கம் எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ். இன்னொரு பக்கம் சட்டி, கட்ட மோளம், பறை.

பறையைப் பார்த்ததும் இவருக்குத் தொண்டை அடைத்தது. காரணம் இருக்கிறது.

இவருடைய அப்பா பறை அடித்தவர். ஊரில் சாவு விழுந்தால் முதலில் ஆள் வரும் வீடு இவர்கள் வீடு. மழையோ, காய்ச்சலோ, போயே ஆக வேண்டும். பள்ளிக்கூடத்திலும் பாலிடெக்னிக்கிலும் 'அப்பா என்ன வேலை?' என்று கேட்டால் 'கூலி வேலை' என்றுதான் சொல்வாராம். பட்டறையிலும் அதே பதில்தான்.

கீழ்ப்பாக்கத்து மேடை பற்றி அவர் கூறியதாவது:-

"கிட்டாரும் பறையும் ஒண்ணா ஏறுச்சுங்க. நெஞ்சுக்கூடு அதிருது. இட ஒதுக்கீட்டைப் பத்திப் பாட்டு, கானா, ராப்னு மாத்தி மாத்தி வருது. இங்கிலீஷ் பாட்டுல வார்த்தை புரியாம எந்தக் கோபத்தைக் கேட்டேனோ, அதே கோபம் தமிழ்ல வந்துச்சு. பக்கத்துல இருந்த பையன் சாவு ஆட்டம் போட்டான். நானும் போட்டேன். எங்க ஊர்ல அந்த ஆட்டத்தைக் குடிச்சவங்கதான் போடுவாங்க. நான் அன்னிக்கு டீ மட்டும்தான் குடிச்சிருந்தேன்."

இவ்வாறு அவர் கூறினார்.

அந்த மேடையில் ஏறியவர்களில் வடசென்னை கானா பாடகி இசைவாணியும் ஒருவர். ஆண்களின் கோட்டையான கானாவில் புகுந்த பெண். 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் இடம் பிடித்தார். ராப் பாடிய அறிவு அரக்கோணத்துக்காரர். இன்று அவரைத் தெரியாத கல்லூரி மாணவர்கள் குறைவு.

கோபப் பாட்டும் கூட்டமும் சேருவது புதிதல்ல. 1978 ஏப்ரல் 30-ந் தேதி லண்டனில் இனவெறிக்கு எதிராகப் பெரும் ஊர்வலம் நடந்தது. முடிவில் விக்டோரியா பூங்காவில் கச்சேரி. 'தி கிளாஷ்' என்ற பங்க் குழுவும், கறுப்பின இளைஞர்களின் 'ஸ்டீல் பல்ஸ்' குழுவும் ஒரே மேடையில் ஏறின. நிறம் பார்த்து ஒதுக்கும் கட்சி ஒன்று அங்கே தலைதூக்கிய நேரம் அது. அந்தக் கூட்டத்தில் குதித்த வெள்ளைக்காரப் பையன்களும் கறுப்பர்களும் கீழ்ப்பாக்கத்துக்கு வந்திருந்தால் பாஷை மட்டும்தான் புரிந்திருக்காது.

கச்சேரி முடிந்து சென்டிரல் ஸ்டேஷனில் படுத்துத் தூங்கி, காலையில் கோவை எக்ஸ்பிரசில் கிளம்பினார் வாலிபர். சேலம் வரும்வரை காதில் 'ஙொய்' என்ற சத்தம் நிற்கவில்லை.

அப்பாவின் கோபம்

வீட்டுக்குப் போனதும் செல்போனில் எடுத்ததை அப்பாவிடம் காட்டினார். அப்பா சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்ப்பு.

அப்பா முகம் கறுத்துவிட்டது!

"ஏன் கண்ணு, நான் விட்டதை நீ எதுக்குத் தூக்கறே?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். பல வருடங்களுக்கு முன்பு அப்பாவும் பங்காளிகளும் கூடிப் பேசி, 'இனி சாவுக்கு அடிக்கப் போக மாட்டோம்' என்று முடிவு எடுத்தவர்கள். ஊரில் பெரிய தகராறு. ஆறு மாதம் காட்டு வேலைக்குக் கூப்பிடவில்லை. ரேஷன் அரிசிதான் காப்பாற்றியது. அத்தனையும் பட்டு உதறிய பறையை, மகன் சென்னைக்குப் போய் கை தட்டிவிட்டு வருகிறான் என்றால் எந்த அப்பாவுக்குத்தான் கோபம் வராது?

"அடிக்கிறது கேவலம் இல்லப்பா. அடிக்கச் சொல்லிக் கூப்பிட்ட விதம்தான் கேவலம்" என்றார் மகன்.

"நீ அடிச்சிருந்தா இப்படிப் பேச மாட்டே" என்று எழுந்து போய்விட்டார் அப்பா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் இல்லை.

தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் நடந்துகொண்டிருக்கும் வாக்குவாதம் இது. இழிவு என்று பறையைப் போட்டு உடைத்தவர்களும் உண்டு. எங்கள் பெருமை என்று கையில் எடுத்தவர்களும் உண்டு. இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது என்பதுதான் சங்கடம். ராசிபுரம் பக்கத்தில் அது ஒரே கூரைக்குக் கீழே நடந்தது, அவ்வளவுதான்.

பட்டறையிலும் ஒரு சின்ன மாற்றம். கீழ்ப்பாக்கத்து வீடியோவைச் செல்போனில் பார்த்த சக தொழிலாளி ஒருவர் விசாரித்தார். இந்த முறை வாலிபர் மறைக்கவில்லை. "எங்கப்பா பறை அடிச்சவர்ண்ணே" என்று சொல்லிவிட்டார். அன்றுவரை இவருடைய டிபன் பாக்சில் கை வைத்துக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அந்த ஆள் அடுத்த நாளில் இருந்து தனியாக உட்கார்ந்தார். சண்டை எதுவும் இல்லை. 'என்னப்பா, நல்லா இருக்கியா' என்பதும் நிற்கவில்லை. குழம்பு மட்டும் நின்றுவிட்டது. மேஸ்திரி ஒருவர்தான், 'அடுத்த தடவை போனா எனக்கும் சொல்லுடா' என்றார்.

கோவைக்குப் பயணம்

2020 டிசம்பரில் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. மார்கழி என்றாலே சென்னை சபாக்களில் கர்நாடக சங்கீதம் என்றுதான் வழக்கம். அதே மார்கழியில் பறை, ஒப்பாரி, கானா இவற்றுக்கும் மேடை. 2021 டிசம்பரில் அது மதுரைக்கும் கோவைக்கும் வந்தது.

கோவை என்றதும் நம் வாலிபருக்கு ஒரு யோசனை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன?

"ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போகலாம்னு பார்த்தேன். மனசு கேட்கலை. நெசத்தைச் சொல்லிட்டேன். அப்பா ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள், 'பஸ்சுக்கு எவ்வளவு ஆகும்?'னு கேட்டாருங்க" என்கிறார்.

திருச்செங்கோடு, ஈரோடு வழியாகப் பயணம். இருவர் முகத்திலும் கொரோனா முகக்கவசம். கூட்டத்தில் கடைசி வரிசைக்குப் போகப் பார்த்தார் அப்பா. மகன் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

பறை ஒலித்தது. பையன்கள் எழுந்து குதித்தார்கள். மகனும் வழக்கம்போல எழுந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அப்பா ஆடவும் இல்லை, கை தட்டவும் இல்லை. குனிந்து, அடிப்பவர்களின் கையையே பார்த்துக்கொண்டு இருந்தார். வலது கை விரல்கள் மட்டும் முழங்காலில் தாளம் போட்டன.

இடையில் ஒரே ஒரு கேள்வி. "நெருப்புல காட்டாம எப்படிடா இவ்வளவு கணீர்னு கேட்குது?"

தோல் பறையை வைக்கோல் தீயில் காய்ச்சினால்தான் விறைப்பு வரும். இப்போது பிளாஸ்டிக் முகம் போட்ட பறைகள் நிறைய வந்துவிட்டன, அதற்குத் தீ தேவையில்லை என்று பக்கத்தில் இருந்த ஒருவர் விளக்கினார். "அப்ப மழையிலயும் அடிக்கலாம்" என்றார் அப்பா. அதற்கு மேல் பேசவில்லை.

திரும்பும்போது ராத்திரி பஸ். பெருந்துறை தாண்டியதும் அப்பா மெல்ல ஆரம்பித்தார்.

"அவங்களுக்குக் கூலி எவ்வளவு கண்ணு?"

"தெரியலப்பா."

"பேசாமயா வந்திருப்பாங்க?"

"பேசித்தான் வந்திருப்பாங்க."

கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கேட்டார்.

"சோறு எங்க போட்டாங்க? எல்லாரோடயும் உள்ள உட்கார வெச்சா? இல்ல, வெளியவா?"

மகனுக்குத் தெரியவில்லை. இத்தனை கச்சேரிக்குப் போனவர் அதைக் கவனித்ததே இல்லை.

"அடுத்த தடவை போனா அதைப் பார்த்துட்டு வா" என்று சொல்லிவிட்டு, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கப் போனார் அப்பா.