கோழிக்கூண்டின் தரை உலர்ந்திருக்கட்டும்

குடும்பத் தலைவி தமக்கென்று புழங்கும் சிறு காசு, நம் கிராமத்து இல்லங்கள் பலவற்றில் முட்டைக் காசாகவே இருக்கிறது. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், முதியவருக்கு மருந்து, வந்த விருந்தினருக்கு ஒருவேளை உணவு என்று எத்தனையோ அவசரங்களுக்கு அது கைகொடுக்கிறது. அத்தகைய கோழிகள் ஒரே வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மடியும்போது ஏற்படும் துயரத்தை வெளியிலிருப்போர் எளிதில் உணரமாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி அடைமழை நாட்களில், நமக்கு அறிமுகமான ஓர் இல்லத்தில் இத்துயரத்தை நேரில் கண்டோம். அவ்வீட்டு அம்மையார் இருபது குஞ்சுகளை வாங்கி, கூண்டில் உமி பரப்பி, கண்ணும் கருத்துமாக வளர்த்து வந்தார். ஓட்டு விரிசல் வழியே மழைநீர் சொட்டி உமி நனைந்தபோது, என்ன செய்வதென்று நம்மிடம் கேட்டார். “மேலே புது உமி தூவிவிடுங்கள், போதும்” என்று சற்றும் யோசியாமல் சொன்னவர்கள் நாமே. அவரும் அவ்வாறே செய்தார். மேலே பார்த்தால் பொன்னிற உமி. கீழே கறுத்து அழுகிய சேறு! பத்து நாட்களுக்குள் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கின. எச்சத்தில் இரத்தம் கண்டது. பன்னிரண்டு குஞ்சுகள் மாண்டன.

“கண்ணேறு பட்டுவிட்டது, சாமி” என்றார் அந்த அம்மையார். கால்நடை மருத்துவரோ எச்சத்தைச் சோதித்து, உமியைக் கிளறி முகர்ந்து பார்த்து, “கண்ணேறும் இல்லை, காற்றும் இல்லை, அம்மா. இந்த ஈரந்தான்” என்றார். அன்று நாம் கற்றுக்கொண்டதையே நம் குடும்பங்களின் நன்மைக்காக இங்கே எழுதுகிறோம்.

ஈரம் செய்யும் கேடு

வளர்ந்த முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சமிடுகிறது. அதில் முக்கால் பங்கு நீரே. பத்துக் கோழிகள் இருந்தால் ஒரு மாதத்தில் 30 கிலோ எச்சம். அதாவது இருபது லிட்டருக்கு மேற்பட்ட நீர் கூண்டின் தரையில் சேருகிறது. கவிழும் தண்ணீர்ச் சட்டியும் ஒழுகும் கூரையும் இதற்கு மேல்.

ஈரத்தில் ஊறும் எச்சத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா என்னும் காரவாயு எழுகிறது. நம் மூக்கை உறுத்தும் அந்த நெடி, தரையோடு தரையாக நிற்கும் கோழியின் கண்களையும் மூச்சுக் குழலையும் புண்ணாக்குகிறது. அவ்வாறு புண்பட்ட குழலில் வேறு நோய்கள் எளிதாகத் தொற்றுகின்றன. இரத்தக் கழிச்சல் நோய்க் கிருமியின் முட்டைகளோ எச்சத்தோடு வெளிவந்தவுடன் நோயைத் தருவதில்லை. வெப்பமும் ஈரமும் கிடைத்தால் இரண்டொரு நாளில் முதிர்ந்து, மண்ணைக் கொத்தும் குஞ்சின் வயிற்றில் புகுகின்றன. உலர்ந்த கூளத்தில் அவற்றுள் பெரும்பாலானவை முதிராமற் போகின்றன. ஆகவே மருந்துக்கு முந்திய மருந்து உலர்ந்த தரையே.

எந்தக் கூளம் ஏற்றது?

தரையில் பரப்பும் பொருளைக் கூளம் என்கிறோம். நெல்லுமி, வேர்க்கடலைத் தோல், தச்சுப் பட்டறையின் மரச்சீவல், நன்கு காய்ந்த தென்னை நார்க்கழிவு, சிறிதாக நறுக்கிய வைக்கோல் ஆகிய யாவும் பயன்படும். உமி எளிதில் மட்குவதில்லை. கட்டி தட்டாமல் தளர்வாக நிற்கும். மரச்சீவல் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். எனினும் பூச்சி மருந்தோ வர்ணமோ பூசிய மரத்தின் சீவல் ஆகாது. வைக்கோலை நறுக்காமல் போட்டால் பாய் போல ஒட்டிக்கொள்ளும். எதுவாயினும் பூஞ்சை பிடித்ததைக் காசு மிச்சமென்று வாங்கலாகாது. அந்தப் பூஞ்சைத் தூள் குஞ்சுகளின் நுரையீரலைத் தாக்கி மூச்சுத் திணறலை உண்டாக்கும். புதிதாக வந்த குஞ்சுகள் தீனியென்று எண்ணிக் கூளத்தையே கொத்தித் தின்னும். எனவே முதற் சில நாட்களுக்குக் கூளத்தின்மேல் செய்தித்தாளை விரித்து வைப்பது நலம்.

முதலில் இரண்டு அங்குல உயரம் பரப்பி, படிப்படியாகச் சேர்த்து நான்கு முதல் ஆறு அங்குலம் வரை உயர்த்த வேண்டும். இதனையே ஆழ்கூள முறை என்பர். எச்சம் கூளத்தோடு கலந்து மெல்ல மட்கும். அப்போது எழும் வெப்பம் ஈரத்தைக் குறைக்கும். கோழி ஒன்றுக்கு 2 சதுர அடிக்குக் குறையாமல் இடம் விடவேண்டும். நெருக்கினால் எந்தக் கூளமும் தாங்காது.

நாள்தோறும் ஒரு பிடி

கூண்டைத் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதே சுத்தம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கோழிகள் உள்ளே இருக்கையில் அது நன்மையைவிடத் தீமையே செய்யும். அதற்குப் பதிலாகக் காலையில் ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் மெல்ல உதிர்ந்தால் சரியான பதம். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. புழுதியாகப் பறந்தால் வறட்சி மிகுதி. பின்பு கோழியின் உயரத்திற்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள். கண் கரித்தால் கோழிக்கும் கரிக்கிறது என்பது பொருள்.

வாரத்திற்கு இருமுறை கூளத்தை அடிவரை கிளறிவிட வேண்டும். நனைந்த பகுதியை மூடாமல் வாரி வெளியே எடுத்துவிட்டு, அவ்விடத்தில் உலர்ந்த கூளத்தை இடவேண்டும். மழைக்காலத்தில் நீர்த்த சுண்ணாம்புத் தூளைச் சிறிதளவு கலந்து கிளறலாம். தூள் அடங்கும்வரை கோழிகளை வெளியே விடுக. தண்ணீர்ச் சட்டியைச் செங்கல்மேல், கோழியின் முதுகு உயரத்தில் வைத்தால் சிந்துவது குறையும். இரவில் கோழிகள் அமரும் கழியின் கீழ் ஒரு பழைய தகரத்தை வைத்து விடியலில் எச்சத்தை வழித்தெடுத்தால், கூளத்தின் பாரம் பெரிதும் இறங்கும். பக்கச் சுவரின் மேற்பாதி கம்பி வலையாக இருந்து காற்றோடட்டும். சாரலடிக்கும் போது மட்டும் சாக்குப் படுதாவை இறக்கிவிடலாம்.

கூண்டுக்கு வெளியே கோழிகள் உலவும் அடைப்பையும் மறத்தலாகாது. அது மேட்டு நிலமாக, நீர் வடியும் சரிவோடு இருக்க வேண்டும். இயன்றால் அதனை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் கோழிகளை விட்டு மற்றொன்றை வெயிலில் ஆறவிடுவது நல்லது. நிழலான மூலையில் மணலும் சாம்பலும் கலந்து வைத்தால் கோழிகள் அதில் புரண்டு, செள்ளையும் பேனையும் தாமே உதிர்த்துக்கொள்ளும்.

ஒரு தொகுதிக் கோழிகள் கழிந்தபின் கூளம் முழுவதையும் அகற்றி, தரையைச் சுரண்டிக் கழுவி, காயவிட்டு, வெள்ளையடித்து, இரண்டு வாரம் கூண்டைக் காலியாக விடவேண்டும். வாரும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்வதும், முடிந்தபின் சோப்பிட்டுக் கை கழுவுவதும் அவசியம். வாரிய கூளத்தைக் குவித்து மட்கவைத்த பின்னரே வாழைக்கும் தென்னைக்கும் இடுக. பச்சையாக இட்டால் வேர் கருகும். திடீரெனப் பல கோழிகள் மடிந்தால், அவற்றைத் தொடாமலும் குளத்தில் எறியாமலும் உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவிப்பது நம் கடமை. 2006-ஆம் ஆண்டு மராட்டிய மாநிலத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது முதல் இந்த எச்சரிக்கை நம் எல்லோருக்கும் உரியதாயிற்று.

அந்த அம்மையார் மறு ஆண்டு மீண்டும் இருபது குஞ்சுகளை இறக்கினார். இம்முறை முதலில் ஓட்டை மாற்றினார். பதினெட்டுக் கோழிகள் முட்டையிடும் பருவத்தை எட்டின. அண்மையில் அவ்வில்லம் சென்றபோது, நம்மைத் திண்ணையில் அமரச் செய்வதற்கு முன் கூண்டருகே அழைத்துச் சென்று, ஒரு பிடி கூளத்தை அள்ளி நம் கையில் வைத்தார். இறுக்கித் திறந்தோம், மெல்ல உதிர்ந்தது. “இப்போது சரியா, சாமி?” என்று கேட்டுச் சிரித்தார். தவறான யோசனை சொன்ன நமக்கு, அதைவிட இனிய மன்னிப்பு வேறு எது?