இடுக்கணும் நகையும்: ஊரடங்குக் கால நகைச்சுவை குறித்த ஓர் ஆய்வு

உள்ளத்தே எழும் உணர்ச்சி உடம்பின் வழியே புறத்தார்க்குப் புலனாதலை மெய்ப்பாடு என்பர். தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகள் எட்டனுள் முதற்கண் வைக்கப்பெற்றது நகை. துன்பம் சூழ்ந்த காலத்தும் அந்நகை தோன்றுமோ, தோன்றின் அது தகுமோ, அதனாற் பயன் உண்டோ என்னும் வினாக்கள் 2020ஆம் ஆண்டில் ஏட்டளவில் நில்லாது வீடுதோறும் எழுந்தன. கோவிட்-19 நோயை உலகப் பெருந்தொற்று என உலக நலவாழ்வு நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சு 11இல் அறிவித்தது. மார்ச்சு 24 மாலை முதல் தமிழ்நாட்டிலும், மறுநாள் முதல் நாடு முழுவதும் கட்டுப்பாடுகள் நடப்புக்கு வந்தன. 21 நாள் என்று தொடங்கிய ஊரடங்கு நான்கு கட்டமாக மே 31 வரை நீண்டது. அந்நாள்களில் மக்கள் அஞ்சினர்; அழுதனர்; அவற்றோடு மிகுதியாக நகைக்கவும் செய்தனர். அந்நகையின் இயல்பை மெய்ப்பாட்டு நெறி நின்று ஈண்டு ஆராய்வாம்.

நகையின் நிலைக்களன்

நகை பிறத்தற்குரிய பொருள்கள் நான்கு. இளமை, மடன், பேதைமை, எள்ளல் என்பன அவை. இந்நான்கும் ஊரடங்குக் காலத்தே குறைவின்றிக் காணப்பட்டன. கணினித்திரை வழியே ஆசிரியர் பாடம் நடத்துங்கால் அவர்தம் குழந்தை இடையே புகுந்து, “யாரோடு பேசுகிறாய்?” என வினவியது இளமை பற்றிய நகை. கைப்பேசியில் வந்த செய்தியொன்றை நம்பி, இஞ்சியும் மிளகும் அளவின்றி இடித்துக் குடித்து, நோய்க்கு மாறாக வயிற்றெரிச்சல் கொண்டது பேதைமை பற்றியது. மடன் என்பது கொண்டது விடாமை. மூக்கையும் வாயையும் மறைத்தற்குரிய முகக்கவசத்தை மோவாய்க்குக் காவலாக அணிந்து, திங்கள் பல சென்றும் அவ்வழக்கத்தை விடாதார் செயல் இதன்பாற்படும்.

எஞ்சிய எள்ளலே ஆழ்ந்து நோக்கத்தக்கது. தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் தான் எள்ளப்பட்டவழி நகுதலும் என அஃது இருவகைப்படும் என்று பேராசிரியர் விளக்குவர். ஒரே எள்ளல் இருவேறு திசையில் இயங்குதலை இப்பகுப்பு நன்கு காட்டுகின்றது. இடுக்கணைத் தாங்க உதவும் நகை யாது, இடுக்கணைப் பெருக்கும் நகை யாது என்பதை அளந்தறிதற்கு இதுவே கோலாகும்.

குறிஞ்சிப்பாடியில் எழுந்த நகை

கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி கைத்தறி நெசவுக்கும் கைலிக்கும் பெயர் பெற்ற ஊர். ஊரடங்கின்கண் நூல் வரவும் துணிப் போக்கும் தடைப்பட, தறிகள் ஓய்ந்தன. அந்நாளில் முதியவர் ஒருவர் எம்மிடம் கூறியது இது: “வீட்டைவிட்டு வெளியே வராதே என்று எனக்கு ஆணையிடுவானேன்? நாற்பது ஆண்டாக நான் வீட்டினுள்ளே, அதுவும் குழியினுள்ளேதான் இருக்கின்றேன். நாடுதான் இப்பொழுது என் வழிக்கு வந்திருக்கின்றது.” குழித்தறியில் கால் இறக்கி அமர்ந்து நெய்வார் நிலையை அறிந்தார்க்கே இதன் சுவை முழுதும் புலனாகும். மற்றொரு நாள் அவரே, “இடுப்பில் உடுத்தும் கைலிக்கு இரண்டு மீட்டர் துணி வேண்டும், வாயில் கட்டுவதற்கோ ஒரு சாண் போதும். உலகம் இப்படிச் சிக்கனம் பழகிவிட்டால் எங்கள் வாய்க்கு என்ன வழி?” என்றார்.

இவ்விரண்டும் தன்னையே பொருளாகக் கொண்ட எள்ளல்கள். முன்னதில், ஒடுங்கிக் கிடந்த தம் வாழ்வையே முதியவர் உலகிற்கு முன்மாதிரியாக்கி உயர்ந்து நிற்கின்றார். பின்னதில் நகையின் அடியில் அழுகை கிடக்கின்றது. வறுமையை அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். அழுதற்குரிய பொருளை நகைத்தற்குரிய சொல்லாற் கூறுங்கால், கேட்போர் இரக்கம் காட்டாமலே துன்பத்தை உணர்கின்றனர். கூறுவாரும் தம் மானம் குன்றாது நிற்கின்றனர். சிக்மண்டு பிராய்டு 1927இல் நகைச்சுவை பற்றி எழுதிய கட்டுரையில், புறத்தே வரும் துன்பத்திற்குத் தன்னை ஒப்புக்கொடுக்க மறுக்கும் உள்ளத்தின் வெற்றி என அதனை விளக்கினார். அக்கருத்துக்கு இம்முதியவர் சொல் தக்க எடுத்துக்காட்டாம்.

துன்பத்தை அடுக்கிக் கூறல்

தனிப்பாடல் திரட்டிலுள்ள செய்யுளொன்று யாவரும் அறிந்தது. பசு ஈனுகின்றது, அவ்வேளை மழை பொழிகின்றது, வீடு விழுகின்றது, மனைவி நோயுறுகின்றாள், பணியாள் இறக்கின்றான், விதைக்க ஓடுவானைக் கடன்காரன் மறிக்கின்றான், விருந்தும் வருகின்றது, பாம்பும் கடிக்கின்றது. ஒரு துன்பமாயின் அழுவோம். இத்துணையும் ஒருங்கு வரின் நகையன்றி வேறு வழியில்லை. துன்பத்தைக் குறைத்துக் கூறாது மிகுத்துக் கூறி அதன் வலியைக் குறைக்கும் உத்தி இது.

2020இல் கைப்பேசிகளில் உலவிய ‘மீம்’ என்னும் படத்துணுக்குகளுட் பல இவ்வுத்தியையே கையாண்டன. “இனி என்ன பாக்கி?” என்பதே அவற்றின் பல்லவி. கடலூர் மாவட்டத்தார்க்கு அது வெறும் கற்பனையன்று. மே முதற்கிழமையில் சென்னைக் கோயம்பேட்டு அங்காடியிலிருந்து ஊர் திரும்பியோரிடையே தொற்று மிகுதியாகக் கண்டறியப்பட்டது. மே 7இலும் சூலை 1இலும் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நேர்ந்து பலர் உயிரிழந்தனர். நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. அதன் ஈரம் உலருமுன் திசம்பர் தொடக்கத்தில் புரெவியின் மழை சிதம்பரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் வெள்ளக்காடாக்கியது. பழம்புலவன் அடுக்கிய அடுக்கை ஓராண்டு வாழ்ந்தே காட்டினர் இம்மாவட்டத்து மக்கள்.

குறள் கூறும் இருவகை நகை

துன்பம் வருங்கால் நகுக என்பது இடுக்கணழியாமை அதிகாரத்தின் முதற்குறள் (621) கூறும் பொருள். ஆண்டு நகையாவது உள்மகிழ்தல் எனப் பரிமேலழகர் உரைத்தலின், அது தனிமனிதன் உள்ளுறுதியைக் குறித்தது. பண்புடைமை அதிகாரத்து 999ஆம் குறளோ, பிறரோடு கலந்து மகிழமாட்டாதார்க்குப் பகலும் இருள் என்னும் கருத்தினது. முன்னது ஒருவன் தனித்து நகும் நகை. பின்னது பலர் கூடி நகும் நகை. ஊரடங்கு பறித்தது இக்கூட்டத்தையே. தெருத்திண்ணையும் தேநீர்க்கடையும் மூடப்பட்டபோது, ஒரு நகைத்துணுக்கை நண்பர்க்கு அனுப்புதல், “யாமும் ஈண்டு உளேம்” எனக் குரல் கொடுத்தலை ஒத்தது. பிளாரன்சு நகரை 1348இல் கொள்ளைநோய் தாக்கியதைப் பின்னணியாகக் கொண்டு, ஊர்ப்புறத்தே ஒதுங்கிய பதின்மர் பத்துநாளில் நூறு கதை கூறியதாகப் பொக்காச்சியோ அமைத்த ‘தெக்கமெரான்’ என்னும் நூலும் இவ்வுண்மையையே உணர்த்தும்.

நகைக்கு எல்லை

இனி, நகை யாண்டும் நலமே செய்யுமோ எனின், அன்று என்க. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பவற்றை இளிவரலுக்கே நிலைக்களனாகத் தொல்காப்பியர் ஓதினார்; நகைக்கு ஓதினாரல்லர். பிணியும் பிணியாளனும் நகைப்பொருள் ஆகார். பிணியைச் சூழ்ந்த நம் பேதைமையும் மடனுமே நகைப்பொருளாம் என்பது இதனாற் பெறப்படும்.

2020 ஏப்பிரலில் திருப்பூர் மாவட்டக் காவல்துறையினர், முகக்கவசமின்றித் திரிந்த இளைஞரை, நோயாளிபோல் நடித்த ஒருவர் இருந்த ஊர்தியுள் ஏற்றினர். அவர் அலறித் தப்ப முயன்ற காட்சி நாடெங்கும் பரவி நகை விளைத்தது. நோக்கம் அறிவுறுத்தலேயாயினும், அந்நகையின் விளைவு யாது? நோயாளி என்போன் அஞ்சி ஓடத்தக்கவன் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. அதே திங்களில், தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவொட்டாது சென்னையிற் சிலர் தடுத்தனர். ஒன்றற்கு மற்றொன்று காரணம் என்று கூறுகின்றோமல்லோம். பிணியாளனை அருவருக்கும் ஒரே உள்ளப்பாங்கிற்கு இரண்டும் இடமளித்தன என்கின்றோம்.

மற்றோர் எல்லையும் உண்டு. நகை சோறாகாது. குறிஞ்சிப்பாடிக்கு அண்மையிலுள்ள வடலூரில் வள்ளலார் 1867இல் தருமச்சாலை நிறுவி ஏற்றிய அடுப்பு இன்றும் எரிந்துகொண்டிருக்கின்றது. பசித்தார்க்கு முதற்கண் வேண்டுவது அவ்வடுப்பே. நெசவாளர் நகைத்தனர் என்பது கொண்டு அவர் துன்பம் சிறிதெனக் கருதுவோமாயின், அந்நகையை நாம் பிழைபட உணர்ந்தோமாவோம்.

இதுகாறும் கூறியவற்றால், இடுக்கட்காலத்து நகை அச்சத்தை அளவினுள் நிறுத்தும் என்பதும், பிரிந்தாரைச் சொல்லாற் கூட்டும் என்பதும், அது தன்கண் எழுந்தவழி மருந்தாயும் நலிந்தார்மேற் சென்றவழி நோயாயும் முடியும் என்பதும் விளங்கும். நகைக்கப்பட்டவன் தானும் உடன் நகைக்கின்றானா என்பதே இதனை அறிதற்குரிய எளிய தேர்வு. தறிக்குழியிலிருந்து அம்முதியவர் கூறியது கேட்டு அவரும் நகைத்தார், யாமும் நகைத்தோம். அன்று அத்தெருவில் வேறு ஒலி இல்லை.