கூண்டில் நிற்பவர் வில்லன் சாயலில் இருந்தால்?

பிலிப்பைன்ஸின் ஜிஎம்ஏ தொலைக்காட்சியில் 2024 மார்ச் மாதம் ஒரு பிற்பகல் தொடர் ஆரம்பமானது. பெயர் ‘லிலெட் மத்தியாஸ்: அட்டர்னி அட் லா’. கதாநாயகி ஒரு வழக்கறிஞர். எலும்பு வளர்ச்சிக் குறைபாட்டால் உயரம் குறைந்தவர். அந்த வேடத்தில் நடித்த ஜோ பெர்ரிக்கும் நிஜத்தில் அதே குறைபாடுதான். 2018-இல் ‘ஓனானாய்’ தொடரில், அந்நாட்டின் பெரும் நடிகை நோரா ஔனோருக்கு மகளாக நடித்து வீடு வீடாக அறிமுகமானவர். உயரம் குறைந்தவர்களை அதுவரை பிலிப்பைன்ஸ் திரை பெரும்பாலும் சிரிப்பு மூட்டத்தான் கூப்பிட்டது. அப்படி ஒருவரை நீதிமன்றத்தில் நிறுத்தி, “அட்டர்னி” என்று மரியாதையாக அழைக்க வைத்ததே பெரிய விஷயம்.

தொடரின் சாரம் எளிமையானது. ‘இவரா வாதாடப் போகிறார்?’ என்று ஏளனமாகப் பார்க்கிறவர்களை, லிலெட் தன் வாதத்தால் வாயடைக்க வைக்கிறார். ஆளைப் பார்த்து எடை போடாதே என்ற பாடம். நல்ல பாடம்தான். ஆனால் அதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. லிலெட் நல்லவர் என்பது முதல் காட்சியிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவரை ஏளனம் செய்கிறவர் கெட்டவர் என்பதைப் பின்னணி இசையே சொல்லிவிடுகிறது. பார்க்கிற நமக்குச் சோதனையே இல்லை. சோபாவில் சாய்ந்தபடி, நாம் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாத உத்தமர்கள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

கூண்டில் நிற்பவர் லிலெட்டைப் போல இல்லாமல், தொடர்களில் வரும் வில்லனைப் போல இருந்தால் என்ன செய்வோம்? பணக்கார வீடு, அரசியல் செல்வாக்குள்ள அப்பா, வெள்ளைத் தோல், திமிரான பார்வை. பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு இந்தக் கேள்வி நிஜமாகவே, ஒரு முறைக்கு மேல் வந்தது.

1991 ஜூன் 30 அன்று, மணிலாவை ஒட்டிய பரானாக்கே நகரில் ஒரு தாயும் இரண்டு மகள்களும் வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். குடும்பத் தலைவர் அப்போது அமெரிக்காவில் வேலையில் இருந்தார். நாடே கொதித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1995-இல், ஜெசிக்கா அல்ஃபாரோ என்ற பெண் “நேரில் பார்த்தேன்” என்று வந்தார். அவர் கை காட்டியவர்களில் முதன்மையானவர், செனட்டர் ஃப்ரெடி வெப்பின் மகன் ஹூபர்ட் வெப். சாட்சியின் கதை அதே ஆண்டு திரைப்படமாகவும் வந்துவிட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்க, தியேட்டரில் தீர்ப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் தான் கலிஃபோர்னியாவில் இருந்ததாக ஹூபர்ட் சொன்னார். பாஸ்போர்ட், குடியேற்றத் துறைப் பதிவுகள், அங்கு வாங்கிய ஓட்டுநர் உரிமம், கார் வாங்கிய காகிதம், சைக்கிள் வாங்கிய ரசீது என்று அடுக்கினார். கீழ் நீதிமன்றம் நம்பவில்லை. பணமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு இவற்றை உருவாக்குவது கஷ்டமா என்ற சந்தேகம்தான் மேலோங்கி நின்றது. 2000 ஜனவரியில் ஆயுள் தண்டனை. 2010 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம், 7 நீதிபதிகள் ஆதரவும் 4 பேர் எதிர்ப்புமாக, அவரையும் மற்றவர்களையும் விடுவித்தது. அடித்துச் சொல்கிறார் என்பதற்காக ஒரு சாட்சியை நம்பிவிட முடியாது, பொய் சாட்சியும் அதே உறுதியோடு அடையாளம் காட்ட முடியும் என்பது அந்தத் தீர்ப்பின் மையமான வாதம். அதற்குள் ஹூபர்ட் சிறையில் கழித்தது 15 ஆண்டுகள்.

அப்படியானால் மக்கள் முட்டாள்களா? இல்லை. பணக்காரப் பிள்ளைகள் குற்றம் செய்துவிட்டுத் தப்பிவிடுகிறார்கள் என்பது அவர்கள் கண்ணால் கண்ட உண்மை. கோபம் நியாயமானது. ஆனால் ‘இவர்கள் எல்லாம் இப்படித்தான்’ என்ற பொது உண்மையை ‘இவன்தான் செய்தான்’ என்பதற்கு ஆதாரமாக வைத்தபோதுதான் பிசகியது. நாம் ஏழையை மட்டும்தான் அவசரப்பட்டு எடை போடுகிறோம் என்று நினைப்பது பாதி உண்மை. நம் கோபத்துக்குத் தோதான முகம் கிடைத்தால், அது பணக்கார முகமாக இருந்தாலும் விடமாட்டோம். அப்போது அதற்கு நீதி உணர்வு என்று பெயரும் வைத்துக்கொள்வோம்.

செபு தீவில் 1997-இல் நடந்தது இதைவிடக் கொடுமை. ஜூலை 16 இரவு இரண்டு சகோதரிகள் காணாமல் போனார்கள். பள்ளத்தாக்கு ஒன்றில் ஓர் உடல் கிடைத்தது. இன்னொருவர் கிடைக்கவே இல்லை. கைதானவர்களில் ஒருவர் 19 வயது பாக்கோ லராஞாகா. அப்பா ஸ்பானியர், அம்மா செபுவின் புகழ்பெற்ற அரசியல் குடும்பமான ஒஸ்மேன்யா வழி. பருத்த உடம்பு, முரட்டு முகம். பத்திரிகைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன பிள்ளை என்ற சித்திரம் தயாராகிவிட்டது.

அந்த இரவு பாக்கோ இருந்ததாகச் சொன்னது 500 கிலோமீட்டருக்கும் அப்பால், மணிலா பெருநகரைச் சேர்ந்த கேஸோன் சிட்டியில். அங்கே சமையற்கலை படித்துக்கொண்டிருந்தார். நண்பர்களோடு கடிபூனான் சாலை உணவகத்தில் விருந்து. மறுநாள் வகுப்பில் பரீட்சை. விருந்தில் எடுத்த படங்கள் இருந்தன. தோழர்கள், ஆசிரியர்கள் என்று 30-க்கும் மேற்பட்டோர் சாட்சி சொல்ல முன்வந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்த முக்கிய ஆதாரம், தானும் குற்றத்தில் பங்கெடுத்ததாகச் சொல்லி அரசுத் தரப்புக்கு மாறிய ஒரு சக குற்றவாளி. அவர் ஏற்கெனவே அமெரிக்காவில் தண்டனை பெற்றவர்.

பிலிப்பைன்ஸில் ஜூரி கிடையாது. ஒரே நீதிபதிதான். அந்த நீதிபதி பாக்கோ தரப்பு சாட்சிகள் பலரைக் கேட்க மறுத்தார். வெறுத்துப்போய் விலகிய வழக்கறிஞர்களை நீதிமன்ற அவமதிப்பு என்று சிறையில் போட்டார். பாக்கோவைக் கூண்டேறித் தன் பக்கத்தைச் சொல்லவும் விடவில்லை. 1999 மே மாதம் ஆயுள் தண்டனை. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே 2004 பிப்ரவரியில் தண்டனை குறையவில்லை, மரண தண்டனையாக உயர்ந்தது. மணிலாவிலிருந்து செபுவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தானே, நான்கு விமான நிறுவனங்கள் ஓட்டுகின்றனவே, வந்து போயிருக்க முடியாதா என்று கேட்டது நீதிமன்றம். வந்து போனதற்கு ஆதாரம் என்ன என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி?

2006-இல் நாட்டில் மரண தண்டனையே ஒழிக்கப்பட்டதால் பாக்கோவின் உயிர் தப்பியது. நியாயமான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு அதே ஆண்டு சொன்னது. ஸ்பெயின் குடியுரிமையும் இருந்ததால் 2009-இல் அந்நாட்டுச் சிறைக்கு மாற்றினார்கள். 2011-இல் மைக்கேல் காலின்ஸ் இயக்கிய ‘கிவ் அப் டுமாரோ’ என்ற ஆவணப்படம் வந்தது. தயாரிப்பாளர் மார்ட்டி சைஹுகோ பாக்கோ குடும்பத்துக்குத் திருமண உறவு. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ஆனாலும் அந்தப் படம் அடுக்கும் கேள்விகளில் பலவற்றுக்கு இன்னும் பதில் இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நிம்மதி. 2018-இல் அந்தச் சகோதரிகளின் கதையை வைத்து ஒரு வணிகப் படம் வெளியானபோது, ஆவணப்படத்தைப் பார்த்திருந்த இளைய தலைமுறை இணையத்தில் சீறியது. பாக்கோ பக்கம் நின்றது சரிதான். ஆனால் சீற்றம் அத்துடன் நிற்கவில்லை. மகள்களை இழந்த குடும்பத்தையே வசைபாடத் தொடங்கினார்கள். ஒரு தரப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஊர், இருபது ஆண்டுகள் கழித்துக் கண்ணைத் திறக்காமலேயே மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. இரண்டுக்கும் நடுவில் ஆதாரங்களைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

இதே அவசரத் தீர்ப்பு ஒரு நேரடி நிகழ்ச்சியிலும் அரங்கேறியது. மறுவருடம் நவம்பரில், ‘ராஃபி டுல்ஃபோ இன் ஆக்‌ஷன்’ நிகழ்ச்சியில் ஒரு பாட்டி பேரனுடைய ஆசிரியை மீது புகார் சொன்னார்; பையனை வகுப்புக்கு வெளியே உட்கார வைத்தாராம். தொலைபேசியிலேயே விசாரணை. ஆசிரியர் உரிமத்தைத் துறக்கிறீர்களா, வழக்கைச் சந்திக்கிறீர்களா என்று ஆசிரியையின் முன் கேள்வி வைக்கப்பட்டது. நம் ஊர் டிவி பஞ்சாயத்துகளைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். ஆசிரியர்கள் திரண்டு கொந்தளித்த பிறகுதான் அது அடங்கியது. நிகழ்ச்சியை நடத்திய டுல்ஃபோ 2022-இல் செனட்டர் ஆனார்.

நீதிமன்றத் தொடர் பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பார்க்கும்போது பின்னணி இசையைக் கேட்காமல், ஒலியைக் குறைத்துவிட்டு, குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக என்ன ஆதாரம் வைக்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். முகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாத வழக்குகள் எத்தனை என்பது தெரியவரும்.

பரானாக்கே கொலைகளை யார் செய்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. பாக்கோ லராஞாகா மீதான தீர்ப்பும் ரத்தாகவில்லை; சட்டத்தின் பார்வையில் அவர் இன்னும் குற்றவாளிதான்.