காரின் அடியில் ஒரு தகட்டுத் தொட்டி

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒருவர் வாடகைக்கு அம்பாஸிடர் கார் ஓட்டி வந்தார். ஒருநாள் கிராமத்துச் சாலையில் பெரிய கல் ஒன்று காரின் அடியில் இடித்தது. இறங்கிக் குனிந்து பார்த்தார். எண்ணெய் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. தப்பித்தோம் என்று மேலே ஓட்டினார். எண்ணெய் அழுத்தம் குறைகிறது என்று முகப்புப் பலகை அவ்வப்போது காட்டியது. கருவியில்தான் கோளாறு என்று எண்ணிக்கொண்டார். மூன்றாம் நாள் எஞ்சினுக்குள் சுத்தியல் அடிப்பது போல் சத்தம் கேட்டது. பட்டறையில் கழற்றியபோதுதான் விஷயம் விளங்கிற்று. எஞ்சினின் அடித்தொட்டி உட்புறமாகக் குழிந்து, எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயை அடைத்திருந்தது. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும், பேரிங்குகளுக்கு அது போய்ச் சேரவில்லை. கிராங்க் தண்டைக் கடைந்து, பேரிங்குகளை மாற்றி முடிப்பதற்குள் அவருடைய பல மாத வருமானம் கரைந்துவிட்டது.

ஆயில் சம்ப் என்றும், பட்டறைப் பேச்சில் சேம்பர் என்றும் சொல்லப்படுவது இந்தத் தொட்டிதான். சாதாரணக் கார்களில் இதில் 3 முதல் 5 லிட்டர் வரை மசகு எண்ணெய் இருக்கும். பம்பு அதை வலைவடிகட்டி வழியாக உறிஞ்சி மேலே தள்ளுகிறது. பேரிங்குகளுக்கும் சிலிண்டர்ச் சுவர்களுக்கும் போன எண்ணெய் வழிந்து மறுபடியும் தொட்டிக்கே வந்து சேர்கிறது. கார் வேகமாக ஓடும்போது தொட்டி எண்ணெய் முழுவதும் ஒரு நிமிடத்தில் பல முறை இப்படிச் சுற்றி வரும். வடிகட்டியின் வாய்க்கும் தொட்டியின் அடித்தகட்டுக்கும் உள்ள இடைவெளியோ மிகச் சிறிது. ஆகவே சம்பில் அடிபட்டால், ஒழுகுகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. எவ்வளவு குழிந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

சம்பைக் கழற்றுவதற்கு முன், ஒழுகுவது உண்மையில் அதுதானா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. எண்ணெய் எங்கே கசிந்தாலும் கீழே வழிந்து கடைசியில் சம்பின் விளிம்பில்தான் சொட்டும். பழி சம்பின் மேல் விழும். அம்பாஸிடரில் நெடுங்காலம் இருந்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது. அதில் கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டிலேயே வெட்டிய திருகுமறைதான் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். தேய்ந்துபோன எஞ்சினில் அந்த வழியாகக் கசிவதைக் கண்டு சம்பைக் கழற்றி மாட்டியவர்கள் பலர். இன்னொன்று: எஞ்சினின் சுவாசக் குழாய் அடைத்துக்கொண்டால், பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வரும் வாயு வெளியேற வழியில்லாமல், எண்ணெயை இணைப்புகள் வழியே பிதுக்கித் தள்ளும். அப்போது எத்தனை புதிய கேஸ்கெட் போட்டாலும் பயனில்லை.

சரி, கழற்றத்தான் வேண்டும் என்றாகிவிட்டது. காரை ஜாக்கியில் தூக்கி அப்படியே அடியில் நுழைவது உயிரோடு விளையாடுவதாகும். செங்கல் அடுக்கும் ஆகாது. அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும். சமதளத்தில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் காரை நிறுத்த வேண்டும். எண்ணெய் இளஞ்சூட்டில் இருக்கும்போது வடித்தால் கசடும் சேர்ந்து இறங்கும்; கொதிக்கும் சூட்டில் திறந்தால் கைதான் வெந்துபோகும். பிறகு போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசி இரண்டு மூன்றை மட்டும் தளர்த்தி விட்டுவிட்டு, சம்பின் பக்கவாட்டில் ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் அது விட்டுக்கொடுக்கும். திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பினால் விளிம்பு வளைந்துவிடும். சில கார்களில் குறுக்குச் சட்டம் தடுப்பதால் எஞ்சினையே சற்றுத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இறக்கிய சம்பை உடனே கழுவிவிடக் கூடாது. அதன் அடியில் எஞ்சினின் கதை முழுவதும் படிந்திருக்கிறது. கருங்கசடு மட்டும் என்றால், எண்ணெயை நாள் தவறி மாற்றியிருக்கிறோம் என்று பொருள். வெளுத்த மோர் போன்ற கலவை, தண்ணீர் கலந்ததற்கு அடையாளம். வெள்ளி நிறத்தில் மெல்லிய செதில்கள் மின்னினால், பேரிங்கின் மேற்பூச்சு உரிகிறது. செம்பு நிறம் தெரிந்தால் தேய்மானம் அடுத்த அடுக்குக்குப் போய்விட்டது. அப்படியே மூடி மாட்டுவது பணத்தை எரிப்பதாகும்.

மறுபடி மாட்டுவதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். ஒழுகக் கூடாது என்பதற்காகப் போல்ட்டுகளை இறுக்கு இறுக்கென்று இறுக்குவார்கள். ஒழுகல் அதனாலேயே வரும். சம்பின் விளிம்பு மெல்லிய தகடு. போல்ட்டைக் கடுமையாக முறுக்கினால் துளையைச் சுற்றித் தகடு மேலே குழிகிறது. அங்கே கேஸ்கெட் நசுங்கிப் பிதுங்குகிறது; இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவிலோ அழுத்தமே இல்லாமல் இடைவெளி விடுகிறது. எண்ணெய்க்கு அந்த வழி போதும். இத்தகைய போல்ட்டுகளுக்குச் சுமார் 0.8 கிலோகிராம்-மீட்டர் முறுக்கமே வேண்டியது. அதாவது 16 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 5 கிலோ எடைக்குச் சமமான விசை. நம் கை சிரமமின்றி அதைப் போல் மூன்று நான்கு மடங்கு இழுத்துவிடும்!

ஆதலால் முதலில் விளிம்பைச் சமப்படுத்த வேண்டும். மேடிட்ட துளைகளை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்துத் தட்டி, நேரான இரும்புப் பட்டையால் சரிபார்க்கலாம். பழைய கேஸ்கெட்டைத் துளி மீதமின்றிச் சுரண்டிவிட வேண்டும். நாளாகக் காய்ந்து சுருங்கிய புதுக் கார்க் கேஸ்கெட் துளைகளுக்குப் பொருந்தாவிட்டால், வெதுவெதுப்பான நீரில் சற்று ஊறவைத்தால் பழைய அளவுக்கு வரும். பிறகு துடைத்துவிட்டுப் பொருத்தலாம். எல்லாப் போல்ட்டுகளையும் கையாலேயே ஏற்றிவிட்டு, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில் சிறிது சிறிதாக இறுக்குவதே முறை. அம்பாஸிடர் எஞ்சினில் முன்னும் பின்னும் பேரிங் மூடிகளுக்கு அடியில் தனியே கார்க் துண்டுகள் உண்டு. அவை நழுவினால் வேலையை மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

இன்றைய கார்கள் பலவற்றில் கேஸ்கெட்டே இல்லை. டியூபிலிருந்து பிதுக்கும் ஒட்டுப்பசைதான். அதைத் தாராளமாகப் பூசினால் உள்ளே பிதுங்கும் துணுக்குகள் வடிகட்டியைப் போய் அடைக்கும். அலுமினிய வார்ப்புச் சம்ப் அடிபட்டால் தகடு போல் குழியாமல் விரிசல் விடும்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டக் கூடாது. எரிதலில் பிறக்கும் நச்சுப்பொருள்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. தோலில் ஓயாமல் படுவதும் கெடுதி. நம் நாட்டில் அது அபாயக் கழிவாகவே வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. மூடிய டப்பாவில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் இடத்தில் கொடுக்கலாம்.

புது எண்ணெய் ஊற்றி எஞ்சினை இயக்கியதும், சில நொடிகளில் அழுத்தம் வர வேண்டும்; வராவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, அளவுக்குச்சியைப் பாருங்கள். அன்றிரவு காரின் அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் கறை விழுந்திருந்தால், எந்த இடத்துக்கு நேர் கீழே என்று பார்த்து, அங்கிருந்து மேல்நோக்கித் தேடிக்கொண்டு போகலாம்.