ஊரே அரங்கம்

அரங்கினுள் விளக்கேற்றிப் படமெடுப்பது ஒரு முறை. வெட்டவெளியில் ஞாயிற்றின் ஒளியை நம்பிப் படமெடுப்பது மற்றொரு முறை. முன்னதில் ஒளியும் ஓசையும் மனிதனின் கட்டளைக்கு அடங்கும். பின்னதில் மனிதனே அவற்றின் போக்கறிந்து ஒழுக வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் குறும்படம் எடுக்க முனையும் மாணவருக்குப் பெரும்பாலும் பின்னதே வாய்க்கிறது.

இதனை வறியவர் வழியென இகழ்தல் தகாது. தென்னிந்தியப் படப்பிடிப்பு நிலையங்களின் நிழலில் வளர்ந்த சிங்களத் திரைப்படத்தை, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் 'ரேகாவ' என்னும் படத்தின் வாயிலாகக் கிராமத்து வெளிக்குக் கொணர்ந்தார். யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராயிருந்த தர்மசேன பத்திராஜா, காவலூர் இராசதுரையின் திரைக்கதையைக் கொண்டு 'பொன்மணி' என்னும் தமிழ்ப் படத்தை நெறிப்படுத்தினார். 1977இல் வெளிவந்த அப்படத்தில் சீதனமும் சாதியும் பெண்ணொருத்தியின் வாழ்வை நெருக்கும் கதை, அது நிகழக்கூடிய மண்ணிலேயே படமாக்கப்பட்டது. நெறியாளரின் தாய்மொழி சிங்களம். ஆயினும் ஊரை உற்று நோக்கும் கண் அவருக்கு இருந்தது.

அந்தக் கண்ணைப் பெறுவதே மாணவரின் முதற் பாடம். கமராவைத் தொடுமுன், தேர்ந்த இடத்தில் ஒரு நாள் முழுவதும் இருந்து பார்த்தல் நன்று. எந்த வேளையில் எந்தச் சுவரில் வெயில் விழுகிறது, ஒழுங்கையால் எவர் எப்போது போகின்றனர், கோயில் மணி எப்போது ஒலிக்கிறது என்பனவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒளியை எடுத்துக்கொள்வோம். குடாநாட்டில் சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியின் முதற் பாதியிலும் நண்பகற் கதிரவன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அவ்வேளையில் நடிப்பவரின் கண்கள் புருவ நிழலில் மறைந்து, முகம் உயிரற்றுத் தோன்றும். காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் கிடைக்கும் சாய்ந்த ஒளியே முகத்துக்கு உகந்தது. நண்பகலில் எடுத்தே தீரவேண்டுமாயின் வேப்பமர நிழலில் நடிகரை நிறுத்தி, வெள்ளை வேட்டியொன்றை இருவர் விரித்துப் பிடித்தால் அது வெயிலை முகத்தின் மீது மென்மையாகத் திருப்பிவிடும். அந்திவெளிச்சம் இப்பகுதியில் விரைந்து மறைவது. ஆதலால் மாலைக் காட்சியை முன்னரே ஒத்திகை பார்த்து ஆயத்தமாயிருத்தல் அவசியம்.

ஒளியினும் இடர் தருவது ஓசை. சோளகம் வீசும் மாதங்களில் பனையோலைகளின் சலசலப்பு, ஒலிவாங்கியில் மழைபோலக் கேட்கும். காற்று நேரே மோதாதபடி அதற்கு உறையிட்டு, பேசுபவருக்கு அண்மையில் பிடிக்க வேண்டும். உரையாடல் முடிந்ததும் எவரும் பேசாதிருக்க, அவ்விடத்தின் இயல்பான ஓசையை மட்டும் ஒரு நிமிடம் பதிந்துகொள்வது வழக்கம். படத்தொகுப்பில் வெட்டிய துண்டுகளுக்கிடையே தோன்றும் வெறுமையை அது நிரப்பும்.

காலமும் காத்திராது. சத்யஜித் ராய் தமது 'பதேர் பாஞ்சாலி'க்காக நாணற்பூக் காட்சியை ஒரு நாள் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் மீண்டும் சென்றபோது மாடுகள் பூக்களை மேய்ந்து முடித்திருந்தன. மறு பூக்காலம் வரை காத்திருக்க நேர்ந்தது. இங்கும் பச்சையாக நிற்கும் புகையிலைத் தோட்டம் வெட்டு முடிந்ததும் வெறுஞ் செம்மண்ணாகிவிடும். எனவே ஓரிடத்துக் காட்சிகள் அனைத்தையும், அவை கதையில் எங்கு வந்தாலும், ஒருங்கே எடுத்து முடிப்பதே அறிவுடைமை. 16 மில்லிமீற்றர்ச் சுருளில் நானூறு அடி ஏறத்தாழ பதினொரு நிமிடமே ஓடும். அக்காலத்தவர் ஒவ்வோர் அடியையும் எண்ணி எடுத்தனர். கைபேசியிலேயே படமெடுக்கும் இன்றைய மாணவருக்கும் அந்தச் சிக்கனம் பயன் தரும்; எண்ணி எடுப்பவரே எண்ணிப் பார்த்து எடுப்பவர்.

இவை யாவற்றினும் அரிது, மனிதரோடு பழகும் முறை. 2009இல் முடிந்த போரின் தழும்புகள் குடாநாட்டில் இன்னும் முற்றாக மறையவில்லை. கூரையிழந்து ஆலமுளைத்த வீடு கமராவின் கண்ணுக்கு எழிலாகத் தோன்றலாம். ஆயினும் அது ஒரு குடும்பம் விட்டுச் சென்ற அடுக்களை. உரிமையாளர் கடல் கடந்து வாழினும் அயலாரைக் கொண்டு அவரை அறிந்து இசைவு பெறவேண்டும். தோட்டத்தில் இறைக்கும் முதியவரைப் படமெடுக்குமுன், "ஐயா, எடுக்கலாமோ?" என்று கேட்டு, அவர் வேண்டாமென்றால் கமராவைத் தாழ்த்துவதே பண்பு. கேளாமல் எடுத்த காட்சி எத்துணை அழகாயினும் அது கடன் தீராத பொருள்.

2015ஆம் ஆண்டு தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேச சினமா விழா போன்ற அரங்குகள் இளைஞரின் குறும்படங்களை வெளியுலகுக்குக் காட்டுகின்றன. அங்குக் கிடைக்கும் கைதட்டல் இனியது. எனினும் படம் எடுத்த ஊரில், ஒரு முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி, இடமும் முகமும் தந்த மக்களுக்கு அதனைக் காட்டும் இரவே மாணவரின் உண்மையான தேர்வு. "இது எங்கள் ஊர்தான்" என்று அவர்கள் சொல்வார்களாயின், அம்மாணவர் கற்க வேண்டியதைக் கற்றுவிட்டார் எனலாம்.